கட்டடத்துக்குப் போடும் வார்த்தை

ஊசிப்பாறைத் தோட்டம், மேற்கணக்கு,
லிந்துலை.
29 மே 1955

சேசு மரி சூசை

அன்புள்ள ரஸீனாவுக்கு,

சுகம் விசாரிப்பதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன். இன்றைக்குக் கோபத்தோடு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

எங்கள் லயத்து வரிசை வீட்டில் கோடிச் சுவர் வெடித்துக்கொண்டே போகிறது. போன மழைக்கு விரல் நுழைந்த இடத்தில் இந்த வருடம் கை நுழைகிறது. கூரைத் தகரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நட்சத்திரம் பார்க்க வெளியே போகத் தேவையில்லை. கோடிக் காம்பரா அந்தோனியம்மா அக்காவுடையது. தனியாள், முழங்கால் வாதத்தோடு இன்னும் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். அதற்கு அடுத்த காம்பராதான் எங்களுடையது. நேற்றுச் சுவரிலிருந்து ஒரு மண்கட்டி பெயர்ந்து அக்காவின் சோற்றுப் பானைக்குள்ளேயே விழுந்தது. அவள் அதை அள்ளிப் போட்டுவிட்டுச் சாப்பிட்டாள்.

தோட்டத்துச் சங்கத் தலைவர் கந்தப்பன் அண்ணன் தமிழில் மனு எழுதிக் கொண்டுபோய்த் துரையிடம் நீட்டினார். துரை அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, வேலை மேற்பார்க்கிற கண்டாக்கிடம் கொடுத்துவிட்டாராம். கண்டாக்கு வெளியே வந்து சொன்னதைக் கேள்: "பழைய லயம்னா பழசாத்தான்யா இருக்கும். பழசுன்னு ஒரு கம்ப்ளேன்டா? வேலயப் பாருங்க."

அதனால் இந்தத் தடவை துரைக்கு இல்லை, அரசாங்கத்துத் தொழில் கந்தோருக்கே இங்கிலீஷில் எழுதுவதென்று முடிவு. அதை நீதான் எழுத வேண்டும். கன்னியர் மடத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்பா செத்ததும் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறிவிட்டேன், இங்கிலீஷ் இறங்கிப் போய்விட்டது. உனக்கு அப்படியில்லை. ஹட்டனில் உன் வீட்டுக்காரர் கடைக்கு இங்கிலீஷ் பில்லெல்லாம் நீதானே எழுதுகிறாய். பழசு என்று மட்டும் எழுதிவிடாதே. எங்கள் சுவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு வார்த்தை போடு.

உங்கள் கடைச் சாமான்தான் துரை பங்களாவுக்கு வருகிறது என்பது எனக்குத் தெரியும். பயமாக இருந்தால் சொல்லிவிடு, கோபித்துக்கொள்ள மாட்டேன். பொய். கோபித்துக்கொள்வேன்.

உன்,
பவுலின்


ஹட்டன்.
4 ஜூன் 1955

786

அடியே பவுலினு,

பயமா, எனக்கா? கணக்கு டீச்சரின் குடையை ஒளித்து வைத்தது யார்? நீயா நானா?

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ‘ஓல்ட்’ என்று போடவே கூடாது. துரைமார் சாராயத்தைக் கூட ‘ஓல்ட்’ என்று மெச்சித்தான் குடிக்கிறார்கள். ‘ஷாபி’ என்று ஒன்று இருக்கிறது. அது நூல் விட்ட கோட்டுக்கும் சாயம் போன திரைக்கும் சொல்வது. அதைப் போட்டால் துவைத்துப் போடச் சொல்லிவிடுவான். ‘வோர்ன் அவுட்’ என்பது சப்பாத்துக்கும் டயருக்கும் ஆகும், உழைத்துக் களைத்த மனுஷருக்கும் ஆகும், சுவருக்கு ஒட்டாது. ‘ராம்ஷாக்கிள்’ என்றால் ஆடிக்கொண்டு நிற்கிற கொட்டகை, பழைய பஸ். வாசிக்கிறவனுக்குச் சிரிப்பு வரும். நமக்குச் சிரிப்பு வேண்டாம்.

கடைசியில் பிடித்தேன்: டிலாப்பிடேட்டட். இது கட்டடத்துக்குப் போடும் வார்த்தை. வீடு, பாலம், மதில், கொட்டகை, இடிந்து சிதைகிற எதற்கும் போடலாம். மனுஷருக்குப் போடக் கூடாது. உனக்கு மறந்திருக்காதே! மடத்துக் காவல்காரக் கிழவரைக் காட்டி "ஹீ இஸ் டிலாப்பிடேட்டட்" என்று சொல்லி, மதரிடம் உள்ளங்கையில் வாங்கினாயே, வீங்கிய கையோடு என் இடியப்பத்தையும் சேர்த்துத் தின்றாயே! அன்றைக்கு மதர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கட்டடம் தானாக அப்படி ஆகாது, பார்க்க வேண்டியவன் பார்க்காமல் விட்டால்தான் ஆகும், அதனால் அந்த வார்த்தையைச் சொன்னால் யார் விட்டது என்று அடுத்த கேள்வி வரும் என்றார். பார்த்தாயா, நமக்கு அதுதானே வேண்டும்.

என் வீட்டுக்காரர் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போயிருக்கிறார். மேசையில் உட்கார்ந்து சாவகாசமாக எழுதினேன். மாமி எட்டிப் பார்த்து, "என்ன புள்ள, பில்லு இவ்வளவு நீளமா இருக்கு?" என்று கேட்டார். "பெரிய ஓடர் மாமி" என்றேன்.

மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். லயத்தில் எல்லாரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து அனுப்புங்கள். அந்த வார்த்தையின் கீழே கோடு போட்டிருக்கிறேன். அதைப் பார்த்து வைத்துக்கொள். உன் சுவரின் பெயர் அது.

ரஸீனா


ஊசிப்பாறைத் தோட்டம்.
26 ஜூன் 1955

சேசு மரி சூசை

அன்புள்ள ரஸீனாவுக்கு,

தொழில் கந்தோர் ஐயா வந்துவிட்டுப் போனார். உடனே சந்தோஷப்பட்டுவிடாதே. முதலில் உட்கார், தண்ணீர் குடி.

அவர் வருகிறார் என்று முதல் நாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டிலேயே சொல்லிவிட்டார்கள். நீதான் சொல்லேன், பெரிய இடத்து ஆள் வீட்டுக்கு வருகிறார் என்றால் எங்கள் சனம் என்ன செய்யும்? தீபாவளிக்கும் நத்தாருக்கும் செய்கிறதைச் செய்தது. வேலை விட்டு வந்ததும் ஆளுக்கொரு வாளி சுண்ணாம்பு. ஆம்பிளைகள் சுவரேறினார்கள், பொம்பிளைகள் செம்மண்ணும் சாணமும் குழைத்துத் தரை மெழுகினோம். வெடிப்புக்குள் சாக்கைத் திணித்து மண் பூசி, அதன் மேலே மூன்று பூச்சு. கணக்கப்பிள்ளை வீட்டில் நாற்காலி இரவல். அந்தோனியம்மா அக்கா மாதா படத்துக்குப் பூ வைத்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். "சுவரு வெடிச்சிருக்குன்னு காட்டத்தானே அவரக் கூப்பிட்டோம்?" என்றேன். அக்கா என்னை முறைத்தாள். "கவுருமெண்டு ஆளு வர்றாரு. வீட்ட அசிங்கமாவா காட்டுவாங்க? ஒங்க ஆத்தா ஒன்ன அப்பிடியா வளத்தா?" சொன்னால் நம்ப மாட்டாய், என் கலியாணப் போர்வையை எடுத்து வெடிப்பு இருந்த இடத்தில் தொங்கவிட்டவளே நான்தான்.

ஐயா வந்தார். கண்டாக்கும் கூட வந்தார். ஐயா நாற்காலியில் உட்கார்ந்தார், பால் ஊற்றின தேத்தண்ணி குடித்தார், போர்வையைப் பார்த்து "வெரி நைஸ்" என்றார். எழுதிக்கொடுத்துவிட்டுப் போனதைக் கண்டாக்கு பெரட்டில் வைத்து வாசித்துக் காட்டினார்: லயம் பழையது, ஆனாலும் குடியிருப்பவர்கள் மிக நன்றாக வைத்திருக்கிறார்கள். வாசித்து முடித்துவிட்டு, "வெள்ளையடிக்க இம்புட்டு தெம்பு இருக்கிற ஆளுகளுக்கு மனு எதுக்கு?" என்று ஒரு சிரிப்பு.

என் வீட்டுக்காரர் அலோசியஸ் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

பவுலின்


ஹட்டன்.
30 ஜூன் 1955

பவுலினு,

கல்லில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது! நான் இங்கே வார்த்தை தேடி அலைந்தால், நீங்கள் அங்கே சுண்ணாம்பு தேடி அலைந்தீர்களா? புண்ணைக் காட்டக் கூப்பிட்டுவிட்டு அதன் மேல் பவுடர் பூசுகிற சனத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. கந்தோரிலிருந்து மனுவின் நகலைத் துரைக்கு அனுப்பியிருக்கிறார்கள். துரை அதையும் நம் கடை பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஒரே கையெழுத்து. சாமான் கொண்டுபோன நம்ம ஆள் முனாப் நானாவிடம், "உன் முதலாளி வீட்டில் நல்ல இங்கிலீஷ் எழுதுகிறார்கள், பில்லோடு நிறுத்திக்கொள்ளச் சொல்" என்று சொல்லி அனுப்பினார். என் வீட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்து சாப்பிட்டார். பிறகு, "தோட்டத்து விசயத்துக்கு இனி ஒரு எழுத்து எழுதக்கூடாது, விளங்கிச்சா?" என்றார். என்னை அதட்டியிருந்தால் திருப்பிக் கேட்டிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னதுதான் எரிச்சல்.

இத்தனையும் எதற்காக? "வெரி நைஸ்" என்று சொல்லவைக்கவா? டிலாப்பிடேட்டட் என்பதை மனுஷருக்குப் போடக் கூடாது என்று எழுதினேன். உங்கள் லயத்தாரின் புத்திக்குப் போடலாம் போல இருக்கிறது. உன் புத்திக்கும்தான்.

இனி என்னிடம் மனு கேட்காதே.

ரஸீனா


ஊசிப்பாறைத் தோட்டம்.
4 ஜூலை 1955

ரஸீனாவுக்கு,

உன் மாமியார் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது கிழிந்த தாவணி கட்டிக்கொண்டா நின்றாய்? இருக்கிறதிலேயே நல்லதைத்தானே கட்டினாய்? இல்லாவிட்டால் உன் உம்மா விட்டிருப்பாரா?

எங்களிடம் நல்லதென்று இருந்தது ஒரு வாளி சுண்ணாம்பு. அதைப் பூசினோம். காலையில் அட்டைக்கடி, மத்தியானம் கங்காணி வாய், சாயந்திரம் கொழுந்து நிறுக்கிறவன் வாய். இதெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து, இது என் வீடு என்று ஒரு அந்நிய ஆளுக்குக் காட்டுகிறபோது, அதை இடிந்த வீடாகக் காட்ட எங்களுக்கு மனசு வரவில்லை. அது புத்தி கெட்ட வேலை என்றால் ஆகட்டும். நீ கடைத்தெருவில் மெத்தை வீட்டில் இருந்துகொண்டு சிரி.

இனி எழுத மாட்டேன். நீயும் எழுத வேண்டாம்.

பவுலின்


ஊசிப்பாறைத் தோட்டம்.
11 ஆகஸ்ட் 1955

சேசு மரி சூசை

ரஸீனா,

எழுத மாட்டேன் என்றேன், எழுதுகிறேன். கௌரவம் பார்க்க நேரமில்லை. கடை விலாசத்துக்கு அனுப்பாமல் முனாப் நானா பெயருக்கு அனுப்புகிறேன்.

சுவர் விழுந்துவிட்டது. திங்கட்கிழமை பகல், மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். மழை விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. சத்தம் எங்களுக்கே கேட்டது. ஓடிவந்து பார்த்தால் கோடிச் சுவர் இல்லை, கூரை பாதி இல்லை, எங்கள் காம்பரா வெளியே தெரிகிறது. பிள்ளைகள் எல்லாம் ஆயா பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் இருந்ததால் தப்பித்தன. முழங்கால் வீங்கி அன்றைக்கு வேலைக்குப் போகாமல் படுத்திருந்த அந்தோனியம்மா அக்காதான் அகப்பட்டுக்கொண்டாள். மண்ணைத் தோண்டி எடுத்தோம். கால் முறிந்துவிட்டது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, வாய்க்கும் ஒன்றுமில்லை.

நேற்று ஆபீஸிலிருந்து ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். இங்கிலீஷ். எனக்கு எல்லா இங்கிலீஷும் மறந்துபோனாலும் நீ கோடு போட்டுக் காட்டின ஒரு வார்த்தை மறக்கவில்லை. அது அதில் இருக்கிறது, ரஸீனா! அதே வார்த்தை, அதே எழுத்து. கண்டாக்கு தமிழில் சொன்னார்: "லயம் இடிஞ்சு சிதைஞ்சு போச்சு. குடியிருந்தவங்க கவனிக்காம விட்டதால இப்பிடி ஆச்சு. மாசக் கடைசிக்குள்ள எல்லாரும் காலி பண்ணணும்."

எங்கே போவது என்று கேட்டோம். சில பேருக்குத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில் இடம் கொடுப்பார்களாம். எங்களையும் அக்காவையும் இன்னும் சில குடும்பங்களையும் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டி அனுப்புவார்களாம். திம்புள்ள பக்கம் தோட்டங்களில் கேட்டுப் பாருங்கள் என்றார். பேர் வெட்டினவளை எந்தத் தோட்டத்தில் சேர்ப்பான்? பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டு இன்னும் ஒரு பதிலும் இல்லை. அதில் இந்த லயத்து விலாசம்தான் கொடுத்திருக்கிறோம். இதையும் விட்டுப் போனால் எந்த ஊர்க்காரி என்று சொல்லிக்கொண்டு நிற்பேன்? இதே காம்பராவில்தான் பிறந்தேன். இந்தியாவை நான் படத்தில் கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

நீ படித்தவள். எனக்கு ஒன்று விளங்கப்படுத்து. அதே வார்த்தையை நாங்கள் சொன்னபோது அப்படி ஒன்றும் இல்லை என்றார்கள். துரை சொன்னால் மட்டும் அது உண்மையாகிவிடுகிறது, எங்கள் தலையிலும் விழுகிறது. இங்கிலீஷ் வார்த்தைக்குச் சொந்தக்காரன் என்று ஒருவன் இருக்கிறானா?

மனு கேட்கவில்லை. கேட்காதே என்று நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கேள்விதான் கேட்கிறேன்.

பவுலின்


ஹட்டன்.
14 ஆகஸ்ட் 1955

786

பவுலினு,

ஜூன் மாசம் திட்டினதை வாபஸ் வாங்க மாட்டேன். அன்றைக்குத் திட்டினதும் சரி, இன்றைக்கு எழுதுவதும் சரி.

உன் கேள்விக்குப் பதில்: அகராதியில் சொந்தக்காரன் இல்லை. மூன்று தடவை பார்த்துவிட்டேன். ஆனால் அந்த வார்த்தைக்குப் பொறுப்பாளி இருக்கிறான். வாடகைக்கு வீடு விட்டவன், வீட்டைச் சொந்தமாக வைத்திருப்பவன், பழுது பார்க்க வேண்டியவன். தோட்டத்துச் சுவருக்கு யார் சொந்தக்காரன்? நீயா? ஒரு ஆணி அடிக்கவே கண்டாக்கிடம் கேட்க வேண்டிய உனக்கு இடிந்த பிறகு மட்டும் சொத்து எங்கிருந்து வந்தது? துரை எழுதின வார்த்தை சரி. அதற்கு அடுத்த வரிதான் அயோக்கியத்தனம்.

அதைத்தான் எழுதியிருக்கிறேன். கந்தோர் ஐயாவே ஜூன் மாசம் வந்து, குடியிருப்பவர்கள் மிக நன்றாக வைத்திருக்கிறார்கள் என்று தன் கையால் எழுதினாரே, அதையும் அவருக்கே எழுதி, ஐயா உங்கள் கண்ணை நம்பவா, துரையின் நோட்டீஸை நம்பவா என்று கேட்டிருக்கிறேன். மரியாதையாகத்தான். இங்கிலீஷில் மரியாதையாக அறைய நிறைய வழி இருக்கிறது.

கையெழுத்தை மாற்றி எழுதலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இடது கையால் எழுதிப் பார்த்தேன், கோழி கிண்டினது போல வந்தது. பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. நான் என்ன திருடியா? வலது கையாலேயே எழுதி, கடைசியில் "எழுதியவர்: திருமதி ரஸீனா பைஸர், ஹட்டன்" என்று முழுப் பெயரும் போட்டுவிட்டேன். தபாலில் சேர்த்தது மாமி. என்ன என்று தெரிந்துதான் சேர்த்தார். போகும்போது, "ஒரு பொம்புளட கால ஒடச்சிட்டு நோட்டீஸ் வேற ஒட்டுறானா?" என்றார். என் வீட்டுக்காரருக்கு மட்டும் இன்னும் தெரியாது.

நீங்கள் செய்ய வேண்டியது: யாரும் போகாதீர்கள். எதிலும் கைநாட்டு வைக்காதீர்கள். சாமானை எடுத்து வெளியே வைத்தால் திரும்ப உள்ளே வையுங்கள். ஐயா மறுபடி வருவார். அல்லாவுக்காகச் சொல்கிறேன், சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால் அந்த ஆள் தலையிலேயே கொட்டு.

ரஸீனா


ஊசிப்பாறைத் தோட்டம்.
2 செப்டம்பர் 1955

சேசு மரி சூசை

அன்புள்ள ரஸீனாவுக்கு,

ஐயா நேற்று வந்தார். நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், நடுவில் குதிக்காதே.

மாசம் முடிந்தும் ஒருவரும் போகவில்லை. கண்டாக்கு ஆள் விட்டு எங்கள் பெட்டியை வெளியே வைத்தார், அலோசியஸ் உள்ளே வைத்தார். மறுபடியும் வெளியே, மறுபடியும் உள்ளே. மூன்றாம் தடவை அந்த ஆளே, "அண்ணே, கை வலிக்குது, நீங்களே வச்சுக்குங்க" என்று போய்விட்டான்.

ஐயா வருகிறார் என்று தெரிந்த அன்றைக்குச் சாயந்திரம் நீ பயந்தது நடந்தது. வாளியோடு கந்தப்பன் அண்ணனே வந்து நின்றார். "சுவருதான் இல்ல, இருக்கிற பக்கத்துக்காவது ஒரு பூச்சு பூசுவோம் தங்கச்சி. பாக்க நல்லாருக்கும்." எனக்கு வந்த ஆத்திரத்தில் வாளியைப் பிடுங்கிக்கொண்டேன். "நல்லாருக்கக் கூடாதுண்ணே!" என்று கத்தினேன். லயமே கூடிவிட்டது. அசிங்கமாக எப்படி நிற்பது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அப்புறம் சொன்னேன்: "நாம அசிங்கமா நிக்க வேணாம். குளிச்சுட்டு, கோயிலுக்குக் கட்டுறதக் கட்டிட்டு நிப்போம். புள்ளைகளுக்குத் தல சீவுங்க. சட்டி பானை மினுக்குங்க. சுவரத் தொடாதீங்க. அது தொரையோடது, அது எப்பிடி இருக்குதோ அப்பிடியே அவரு பாக்கட்டும்." அதை ஒத்துக்கொண்டார்கள்.

காலையில் பெரட்டுக்கு ஒருவரும் போகவில்லை. விழுந்த சுவருக்கு முன்னால் வெள்ளை வேட்டியும் பட்டுச் சேலையுமாக நின்றோம். மண் குவியலுக்குப் பக்கத்தில் திருவிழாச் சனம். லயத்து அழகுமுத்து கோயில் தப்பு மேளத்தைக் கூட எடுத்துவந்துவிட்டான், அதை மட்டும் திருப்பி அனுப்பினேன்.

ஐயாவோடு இந்தத் தடவை துரையே வந்தார். பிரம்பால் சுவரைக் காட்டி இங்கிலீஷில் படபடவென்று பேசினார். அந்த வார்த்தை வந்தது. சரி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அதே பிரம்பை எங்கள் பக்கம் நீட்டி என்னவோ சொன்னார். அதிலும் அந்த வார்த்தை வந்தது. கண்டாக்கு சிரித்தார். சிரிப்பைப் பார்த்ததும் விளங்கிவிட்டது, எங்களையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, இரண்டு எட்டு முன்னால் வந்துவிட்டேன். "நோ சார்" என்றேன். இடிந்த சுவரைக் காட்டி, "திஸ், டிலாப்பிடேட்டட்" என்றேன். திரும்பி எங்கள் ஆட்களைக் காட்டி, "திஸ், நோ" என்றேன். அவ்வளவுதான் எனக்கு வந்த இங்கிலீஷ்.

துரையின் முகம் செம்புப் பானையாகிவிட்டது. ஐயா சிங்களவர், தமிழ் அரைகுறை. "இது எங்க படிச்சது?" என்று கேட்டார். "மடத்துல, மதர் கையால அடி வாங்கிப் படிச்சதுங்க ஐயா. மனுசருக்குப் போடக் கூடாத வார்த்தைன்னு சொல்லி அடிச்சாங்க" என்றேன். ஐயா என்னைப் பார்த்தார், துரையைப் பார்த்தார். சிரிப்பை அடக்குவதற்கு மூக்கைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் உள்ளே போய் மிச்சமிருந்த சுவரைத் தொட்டுப் பார்த்து, மண் குவியலிலிருந்து பழைய சாக்கை உருவிப் பார்த்து, நின்றபடியே எழுதினார். தேத்தண்ணி கொடுத்தேன், இந்தத் தடவை குடிக்கவில்லை. தீர்ப்பு தபாலில் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

துரை போகும்போது கண்டாக்கிடம் உங்கள் கடைப் பெயரைச் சொல்லிக்கொண்டு போனது என் காதில் விழுந்தது. அதிலிருந்து எனக்கு நெஞ்சு சரியில்லை. ஏதாவது வந்தால் ஒளிக்காமல் எழுது. எங்கள் சுவருக்காக உன் வீடு ஆடக் கூடாது.

பவுலின்


ஹட்டன்.
19 செப்டம்பர் 1955

786

அடியே பவுலினு,

முதலில் இதைப் படி, பிறகு மற்றதைப் படி. மனுவில் என் பெயர் இருந்ததால் தீர்ப்பின் நகல் எனக்கும் வந்துவிட்டது. நோட்டீஸ் வாபஸ். ஒரு பெயரும் வெட்டக் கூடாது. சுவரையும் கூரையையும் தோட்டம்தான் கட்டித்தர வேண்டும். கட்டி முடிக்கிற வரைக்கும் எல்லாக் குடும்பமும் மேற்கணக்கிலேயே இருக்க வேண்டும். அந்தோனியம்மா அக்காவின் காம்பராவைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். கண்டாக்கு வாசிக்கும் வரை காத்திருக்காதே. கந்தப்பன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு நீயே பெரட்டில் நின்று சொல்.

உன் விலாசம் உன்னுடையது. யாரும் கேட்டால் ஊசிப்பாறை என்று சொல்.

இனி என் வீட்டுக் கதை. ஒளிக்காமல் எழுதச் சொன்னாய்.

வெள்ளிக்கிழமை துரையிடமிருந்து என் வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் வந்தது, இங்கிலீஷில். அவருக்கு இங்கிலீஷ் பேச வரும், வாசிக்க வராது. ஜும்ஆ முடிந்து வந்தவர் கடிதத்தோடு கடைக்கும் வீட்டுக்கும் இரண்டு தடவை நடந்தார். பிறகு குசினிக்கே வந்து நீட்டினார். என்னைப் பற்றி வந்த புகாரை என்னிடமே வாசிக்கக் கொடுக்கிறார், வேறு யாரிடம் கொடுப்பார்? நான் ஒரு எழுத்துக் கூட விடாமல் வாசித்துத் தமிழில் சொன்னேன். இனிமேல் பங்களாவுக்கு உங்கள் கடைச் சாமான் வேண்டாம். காரணம், உங்கள் மனைவி என் தோட்டத்து விஷயத்தில் தலையிட்டது. சொந்த மனைவியை அடக்கி வைக்கத் தெரியாத மனிதரோடு நான் வியாபாரம் வைத்துக்கொள்வதில்லை.

வாசித்து முடித்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிஜமாகவே பயமாக இருந்தது, பவுலினு. பயமா எனக்கா என்று உனக்கு எழுதினவள்தான். அந்த பங்களா ஓடரை நம்பித்தான் இந்த வருடம் பின்பக்கத்து அறையைக் கட்டத் தொடங்கினோம்.

அவர் கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "கடைசி வரிய இன்னொருக்கா சொல்லு" என்றார். சொன்னேன். "என் பொஞ்சாதிய அடக்குறதுக்கு இவன் யாரு?" என்று ஒரு சத்தம் போட்டார், பூனை அடுப்படியை விட்டு ஓடிவிட்டது. "அடக்குறதா இருந்தா அத நான் பாத்துக்குவேன்" என்றார். "பாருங்களேன் பாப்போம்" என்று என் வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டது. மாமி உள்ளேயிருந்து சிரித்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் காட்டவில்லை.

"பேனைய எடு, பதில் எழுது" என்றார். தோட்டத்து விஷயத்துக்கு எழுதக்கூடாதென்று சொன்னீர்களே என்றேன். "இது கடை விசயம்" என்றார். சொல்லச் சொல்ல எழுதினேன். எங்கள் கடையிலிருந்து பங்களாவுக்கு இனி ஒரு தீப்பெட்டியும் வராது. நீங்கள் நிறுத்தவில்லை, நாங்கள் நிறுத்துகிறோம். சாமான் வேண்டுமென்றால் துரை தன் காலால் கடைத்தெருவுக்கு நடந்து வந்து, மற்றவர்களைப் போல வரிசையில் நின்று வாங்கலாம்.

நல்ல கடிதம். கையெழுத்துப் போடப் பேனையை வாங்கினவர், போடாமல் நிறுத்தினார். "ஊசிப்பாறைப் புள்ள தொரைட மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்த சொல்லிச்சாமே, கடைத்தெரு முழுக்க அதுதான் பேச்சு. அத இதுல போட்டியா?"

"அது கட்டடத்துக்குப் போடுற வார்த்தைங்க" என்றேன். "மனுசருக்குப் போடக் கூடாது."

அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"மனுசருக்குத்தானே போடக் கூடாது?" என்றார். "நீ போடு."

போட்டுவிட்டேன், பவுலினு. கீழே கோடும் போட்டேன்.

ரஸீனா